எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், தங்களை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடும் என் மனைவி, பால்கனியில் இருக்கும் இரண்டு தொட்டிச் செடிகள் ஆகிய எல்லோரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் கூட்டத்தில் சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. அங்கே தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மேற்கொண்டு படிக்கவும். இல்லாவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து படிக்கவும். ஏனென்றால் இது நான் ஜெயித்த கதை.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகள் கல்யாணத்தில், சாப்பாட்டு மேஜையில், புதுச் சம்பந்திகள் நடுவில் தாங்கள் சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம். சொன்னவருக்கு மறக்கும், வாங்கிக்கொண்டவனுக்கு மறக்காது. "என் மைத்துனன் லிஃப்ட் ஆய்வாளர். வாழ்க்கையில அவன் முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் முழுசா படிச்சது ஒண்ணே ஒண்ணுதான். எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது." சம்பந்தி சிரித்தார். சம்பந்தியம்மா சிரித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் புரையேறிவிட்டது, அப்படியும் சிரிப்பை நிறுத்தவில்லை. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. தாங்கள் மொழி ஆசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், பால்காரரிடம்கூட இலக்கணம் பிசகாமல் பேசுகிறவர். நான் கிரீஸ் படிந்த கையோடு திரிந்தவன். அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன், ஒருநாள் புத்தக விஷயத்தில் இவர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று. அந்த நாள் வந்துவிட்டது. நேரில் வந்து நிற்க முழங்கால் விடவில்லை, அதனால் கடிதம்.

முப்பத்து நாலு வருடம் என் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு லிஃப்ட் மேலே போனதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் என் வீட்டில் குக்கர்கூட என்னைக் கேட்காமல்தான் விசில் அடித்தது. ஒரு வாரம் பால்கனியில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்து லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் ஒரு குறை இருந்தது, போய்ச் சொன்னேன், காவலாளி "நீங்க யாரு சார்" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து என் மனைவி, அவள் பேருந்தில் படிக்க வாங்கிய ஒரு திகில் நாவலை மடியில் போட்டாள். அது சொந்தமாக அச்சடித்து விற்கிற ரகம். தங்களுக்கு இந்த உலகம் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். பதிப்பகம் கிடையாது, எடிட்டர் கிடையாது. கொலை, பேய், காதல், வேற்றுக்கிரகம் என்று மனதுக்குப் பட்டதை எழுதி, ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து, எழுதியவரே தூக்கிக்கொண்டு போய் விற்பார். சுருக்கமாகச் சொன்னால் ஆய்வாளர் பார்க்காத லிஃப்ட். அந்த நாவலில் ஒரு திருடன் முப்பதாம் பக்கத்தில் ஆறாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுகிறான், முப்பத்திரண்டாம் பக்கத்தில் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டு ஓடுகிறான். உடனே ஒரு தாளை எடுத்து, எங்கள் இலாகாப் படிவத்தில் உள்ள மாதிரியே கோடு போட்டு, ஆய்வு அறிக்கை எழுதினேன். தாங்கும் சுமை, வேகம், திடீர் நிறுத்தங்கள், கதவுகளின் நிலை, அவசர மணி, குறைகள், உத்தரவு. என் மகள் அதைப் படம் பிடித்து வாசகர் தளம் ஒன்றில் போட்டாள். நூற்றுப் பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் ஐயா" என்று ஒருவர் எழுதினார். லிஃப்டுக்குள் இருந்தேன் என்று பதில் எழுதினேன்.

அதற்கப்புறம் புத்தகங்கள் தாமாகவே தபாலில் வர ஆரம்பித்தன. தங்களுக்குத் தெரியும், நான் ஒரு கட்டடத்துக்குள் நுழையும்முன் சொந்தக்காரர் பெயரைப் பார்க்க மாட்டேன். பெயர் தெரிந்தால் பேனா தயங்கும். பெரிய மனிதர் கட்டடமோ மச்சான் கட்டடமோ, கயிறு அறுந்தால் எல்லாம் ஒரே வேகத்தில்தான் கீழே வரும். புத்தகத்துக்கும் அதே சட்டம்தான் வைத்தேன். பார்சலைப் பிரிப்பது என் மனைவி, பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டுப் பெயரை மறைத்து நம்பர் எழுதித் தருவதும் அவள், அறிக்கையைக் கவரில் போட்டு முகவரி எழுதுவதும் அவள். எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். எனக்கென்று ஒரு கொள்கையும் உண்டு, அது தங்களிடமிருந்து கிடைத்தது என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு கொலைக் கதையில் சந்தேகத்துக்குரியவர்கள் எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஏற்றிய ஆளை ஏதாவது ஒரு மாடியில் இறக்கிவிட்டே ஆக வேண்டும், நடுவழியில் மறந்துவிடக் கூடாது. இந்த வாசகம் இப்போது அந்தத் தளத்தில் பிரபலம் அத்தான். ஒரு பெண்மணி அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பந்தியில் சிரித்தவர்களுக்கு அதன் ஒரு படம் அனுப்பலாமா என்று யோசித்தேன், பிறகு பெருந்தன்மையாக விட்டுவிட்டேன், சம்பந்திக்கு மட்டும் அனுப்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்பர் இருபத்தேழு, அச்சகத்திலிருந்து முதலில் வந்த மாதிரிப் பிரதி. தலைப்பு, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே. ஒரு தொழிலதிபரும் கொலைகாரனும் கீழ்த்தளத்தில் ஒன்றாக லிஃப்டில் ஏறுகிறார்கள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொலைகாரன் குத்திவிட்டு, கதவைத் திறந்து, குதித்து ஓடிவிடுகிறான். ஆறாவது மாடியில் பிணம் மட்டும் தனியாக வந்து இறங்குகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் எங்கே அத்தான் குதிப்பது, அங்கே இருப்பது சுவர். நாற்பத்தொரு குறைகள் எழுதினேன். கடைசியில் வழக்கம்போல, "பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. குறைகள் நீக்கப்படும்வரை இயக்கத்தை உடனடியாக நிறுத்தி வைக்கவும்" என்று உத்தரவு போட்டுக் கையெழுத்திட்டேன். இங்கேதான் என் சர்வீஸ் பழக்கம் காலை வாரியது. எங்கள் இலாகாவில் அறிக்கையின் ஒரு நகல் உரிமையாளருக்குப் போகும், இன்னொரு நகல் தயாரிப்பாளருக்குப் போகும். அதனால் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக முகவரிக்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். அச்சகக்காரர் பயந்த சுபாவம். ஆய்வாளர் என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் நான் போட்டிருந்த "ஓய்வு" தாளின் மடிப்பில் போய்விட்டது. ஏதோ அரசாங்க உத்தரவு என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி, போர்வையால் மூடி, பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள் என்று பிறகு தெரிந்தது. முகக்கவசம் தாடையில் தொங்க, கையில் என் அறிக்கை.

"இங்க ஆய்வாளர் யாரு?"

"நான்தாம்மா."

"என் புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆர்டர் போட்டிருக்கீங்க. சனிக்கிழமை புத்தகச் சந்தை. ஒரு மேஜைக்கு எழுதி வச்சு ஒரு வருஷம் காத்திருந்து இப்பதான் கிடைச்சிருக்கு. இருநூறு காப்பி வரணும், அச்சகக்காரர் மெஷினைப் போர்வை போட்டு மூடிட்டு, கிட்ட போகவே பயப்படறாரு. இதை நான் ஆறு வருஷமா எழுதினேன் சார். நோயாளிங்களுக்கு நேரம் எழுதித் தர்ற சீட்டு இருக்கே, அதோட பின்பக்கத்துல எழுதினேன். சனிக்கிழமை மேஜை காலியா இருந்தா அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. நீங்க யாரு சார் என் கதையை நிறுத்தறதுக்கு?"

அத்தான், அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. எதிர்க் கட்டடத்துக் காவலாளி கேட்ட அதே கேள்வி. என் மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "பாவங்க அந்தப் பொண்ணு. அச்சகத்துக்கு ஒரு போன் போட்டு, நான் ரிட்டயர்டு ஆளு, பயப்படாதீங்கன்னு சொல்லிடுங்களேன்." போனைக் கையில் எடுத்தேன். எண்ணையும் அழுத்தினேன். அச்சகக்காரரிடம், நான் ஓய்வு பெற்றவன், அது உத்தரவே இல்லை, அபிப்பிராயம், அவள் சொன்னால் அச்சடியுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தேன். மனிதனுக்கு மனிதன் செய்ய வேண்டியது அது. ஆனால் ஆய்வாளன் வாய் சும்மா இருக்குமா.

"போன் பண்ணிட்டேன்மா. உன் புத்தகம் வரும். ஆனா கதவு திறக்காது."

"என்ன சார்?"

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கதவு திறக்காது. இருநூறு பேர் படிச்சாலும் திறக்காது."

அவள் கோபமாக எழுந்தாள். வாசல்வரை போனாள். செருப்பைப் போட்டாள். பிறகு அங்கேயே நின்று கேட்டாள்: "ஒரு நல்லதுகூட இல்லையா சார் என் கதையில? நாற்பத்தொரு குறை எழுதியிருக்கீங்க."

"நல்லது எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லம்மா. லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு யாரும் அறிக்கை எழுதறதில்லை." சொன்னபோது அது எனக்கு நியாயமாகவே பட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சரி, அந்தக் கதவு ஏன் திறக்காதுன்னு காட்டுங்க" என்றாள். அந்த இடத்தில்தான் அவள் எழுத்தாளர் என்று எனக்குத் தெரிந்தது.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு மூன்று பேரும் எங்கள் கட்டட லிஃப்ட் முன்னால் போய் நின்றோம். அவள் உள்ளே வரவில்லை. விசாரித்தால், வாழ்க்கையில் லிஃப்டில் ஏறியதே இல்லையாம். நாலாவது மாடியில் இருக்கும் மருத்துவமனைக்குத் தினமும் படியில்தான் போகிறாளாம். "அப்புறம் லிஃப்டுக்குள்ள கொலையை எப்படிம்மா எழுதினே?" "பயத்துலதான் சார்." என் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பரிசோதனை என்றால் முறையாக இருக்க வேண்டும் என்று, என் மனைவியைத் தொழிலதிபராக நியமித்துத் தரையில் படுக்க வைத்தோம். அவளுக்கு இதில் இருந்த உற்சாகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு மர ஸ்கேலைக் கத்தியாக வைத்துக்கொண்டு நான் கொலைகாரன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிறுத்தினேன். கதவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலு விரல் அளவு திறந்தது. எதிரே சிமெண்டுச் சுவர். அவள் மெதுவாகக் கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"சுவர் சார்."

"சுவர்தாம்மா. உன் ஆளு இதுக்குள்ளதான் குதிச்சு ஓடினான், நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துல."

அவளுக்குப் பயம் போய்விட்டது. பையிலிருந்து சீட்டுகளை எடுத்து லிஃப்டுக்குள்ளேயே எழுத ஆரம்பித்துவிட்டாள். சரி, எழுதட்டும் என்று லிஃப்டைக் கீழே விட்டேன். அது மூன்றாவது மாடியில் நின்று கதவு திறந்தது. வெளியே மூன்றாம் மாடி வங்கி அதிகாரி, கையில் காய்கறிப் பையோடு. தரையில் கண்ணை மூடிக் கிடக்கும் என் மனைவியைப் பார்த்தார். ஸ்கேலைப் பிடித்து நிற்கும் என்னைப் பார்த்தார். மூலையில் நின்று குறிப்பெடுக்கும் பெண்ணைப் பார்த்தார். பிணம் கண்ணைத் திறக்காமலே, "வாங்க சார், இடம் இருக்கு" என்றது. "பரவாயில்லை, நான் படியிலயே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பது அவருக்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவர் எனக்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறார். ஏழு வருடமாகச் சொல்லாதவர்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். அவள் கேட்டாள், கதவு திறக்காது என்றால் கொலைகாரன் எப்படி வருவான், எப்படிப் போவான். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் மனம் வரவில்லை. ஐந்தாவது மாடியில் வெளிக்கதவை வெளியிலிருந்து முக்கோணச் சாவியால் திறக்கலாம், லிஃப்டின் கூரைமேல் இறங்கலாம், கூரையில் உள்ள பலகையைத் திறந்து உள்ளே வந்து வேலையை முடித்துவிட்டு அதே வழியில் போகலாம். "அந்தச் சாவி யார்கிட்ட சார் இருக்கும்?" என்றாள். மெக்கானிக்கிடம் இருக்கும் என்றேன். "உங்ககிட்ட?" என்றாள். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். மேஜை இழுப்பறையில் நினைவுக்காக வைத்திருந்ததை என் மனைவி எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள். குடும்பத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தால் வெளியே எதிரி எதற்கு.

"அப்ப கொலைகாரர் ஆய்வாளர்தான்" என்றாள் அவள். கதை முழுதும் வந்து போகிறவர், யாரும் சந்தேகப்படாதவர், எந்த மாடியில் நின்றாலும் ஏன் என்று யாரும் கேட்காதவர். எனக்குப் பொறுக்கவில்லை அத்தான். எங்கள் இலாகாவில் ஒருவன்கூட அப்படி இல்லை என்றேன். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு பொய்க் கையெழுத்து நான் போட்டதில்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், நேர்மையான ஆய்வாளர்தான். அவர் எதுக்காக ஒருத்தரைக் கொல்லணும்?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது: "அறிக்கையை மதிக்கலைன்னா." என் மனைவி மேஜைமேல் இருந்த பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமைக்குள் ஐந்து அத்தியாயங்களைத் திருத்திவிட்டாள். வாய் திறந்து உட்கார்ந்திருந்த நோயாளிகள் என்ன பாடு பட்டார்களோ தெரியாது. சந்தேகத்துக்குரியவர்கள் பதின்மூன்று பேரை எட்டாகக் குறைத்தாள். வியாழக்கிழமை மறு ஆய்வு. படித்துக்கொண்டே போனேன், ஒரு இடத்திலும் பென்சில் நிற்கவில்லை. கொலைகார ஆய்வாளர் கடைசியில் பிடிபடும் இடத்தில், அவர் பூட்டிய அறையில் முப்பது வருட அறிக்கைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒன்றையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன். வந்து கையெழுத்துப் போட்டேன். "ஆய்வு செய்யப்பட்டது. குறைகள் நீக்கப்பட்டன. எட்டு பேர்வரை பயன்படுத்தத் தகுதியானது." வெள்ளிக்கிழமை இயந்திரம் ஓடியபோது அவள் அதை அப்படியே பின்னட்டையில் அச்சடித்துவிட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு இருநூறு பிரதிகளும் முடிந்துவிட்டன அத்தான். பன்னிரண்டரை. பக்கத்து மேஜையில் வேற்றுக்கிரகக் கதை விற்றுக்கொண்டிருந்தவர் தன் மேஜையை விட்டுவிட்டு எங்கள் மேஜைக்குப் பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் வந்து இரண்டு பிரதி கேட்டார், ஒன்றுதான் கிடைத்தது. ஒரு வாசகி, "அந்த ஆய்வாளர் பாத்திரம் அப்படியே உயிரோட இருக்கு, எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். நம் எழுத்தாளர் என்னைக் கையால் காட்டினாள். வரிசை முழுக்க ஒரு அடி பின்னால் நகர்ந்தது. என் சர்வீஸில் ஒரு ஆள்கூட என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. பின்னட்டையில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். போட்டுப் போட்டு மணிக்கட்டு வலித்தது. முழங்கால் வலி மறந்துவிட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அச்சகக்காரர் இப்போது என் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கதைப் புத்தகத்தையும் அச்சேற்றுவதில்லை. நான் ஓய்வு பெற்றவன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "தெரியும் சார், இருந்தாலும் மனசுக்கு ஒரு தைரியம்" என்கிறார். ஆகவே எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியை எனக்கு அனுப்பிக் காத்திருக்கிறார்கள். நேரில் வருகிறவர்களும் உண்டு. பல் மருத்துவமனைப் பெண் விடுமுறை நாளில் வந்து வரிசையை ஒழுங்குபடுத்துகிறாள். "டோக்கன் நம்பர் அஞ்சு, உள்ள போங்க" என்கிறாள், பழக்கதோஷத்தில் "வலி எத்தனை நாளா இருக்கு" என்றும் கேட்கிறாள். எதிர்க் கட்டடத்துக் காவலாளி இதையெல்லாம் பார்த்துவிட்டு, போன வாரம் தானாக வந்து, "சார், எங்க லிஃப்ட்ல ஒரு சத்தம் வருதுன்னு சொன்னீங்களே, என்னன்னு பார்க்கறீங்களா" என்றார். பார்த்தேன்.

என் நடுநிலைக்குத் தாங்களே சாட்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக, இன்று காலை முடித்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம்பர் முப்பத்தொன்பது. தலைப்பு, மங்கிய விளக்கில் ஒரு மங்கை. பேயும் காதலும் கலந்த நாவல், அறுநூற்று நாற்பது பக்கம். ஒரு படகில் இருபத்து மூன்று பேரை ஏற்றுகிறார், பதினைந்து பேரை இறக்கவே இல்லை, எனக்குத் தெரிந்து அவர்கள் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறார்கள். பேய் சுவர் வழியாக வருகிறது, போகிறது, ஆனால் முந்நூறாம் பக்கத்தில் மட்டும் கதவைத் தட்டுகிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கதாநாயகி எழுபத்தொரு தடவை அழுகிறாள், எண்ணினேன். கதாநாயகர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். நேரம் தவறாமையைப் பற்றி அந்தப் பேயிடமே பதினான்கு பக்கம் பேசுகிறார், பேய் கொட்டாவி விடுகிறது. நடத்துநரிடம் பயணச்சீட்டுக் கேட்பதுகூட இலக்கணச் சுத்தமாக. இப்படி ஒரு மனிதரை யாராவது வாழ்க்கையில் பார்த்திருப்பார்களா அத்தான், நீங்களே சொல்லுங்கள். சான்றிதழ் மறுத்து, ஐம்பத்தெட்டு குறைகள் எழுதி, "இயக்கத்தை உடனடியாக நிறுத்தவும். எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறேன். பாவம், இந்த அறிக்கை எந்த வீட்டுக்குப் போய் எந்தப் பெரிய மனிதரை உட்கார வைக்கப்போகிறதோ. ஆனால் தராசு என்றால் தராசுதான்.

ஆக அத்தான், ஒரு வரி மட்டும் படித்தவன் என்று தாங்கள் சொன்ன மைத்துனன், இன்றைக்கு அவன் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு புத்தகம் வெளியே வரும் என்ற நிலையில் இருக்கிறான். இதில் எனக்கு மமதை எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினால் போதும். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், உப்பைக் குறைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஆய்வாளர் (ஓய்வு, ஆனால் ஓய்வில்லை)

பி.கு.: கடிதத்தை மடித்து என் மனைவியிடம் கொடுத்தேன். நம்பர் முப்பத்தொன்பதின் அறிக்கையையும் கொடுத்தேன். இரண்டு கவர் ஒட்டி முகவரி எழுதி மேஜைமேல் வைத்தாள். பார்த்தால் இரண்டிலும் ஒரே முகவரி. உங்கள் முகவரி. "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுதக் கூடாதா" என்றேன்.

"போட்டுக்கிட்டுதான் எழுதினேன். அந்தப் பார்சல்ல அனுப்புநர் யாருன்னு ஒரு தடவை படிங்க."

படித்தேன் அத்தான். முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாகச் சொந்தக்காரர் பெயரைப் படித்தேன்.

"பார்சல் வந்த அன்னைக்கே அது அத்தானோடதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லலை?"

"பேரைப் பார்க்கக் கூடாதுன்னு சட்டம் வச்சது நீங்கதானே. அவரும் அதை நம்பித்தானே அனுப்பியிருக்காரு. மச்சினன்னு சலுகை கேட்கணும்னா ஒரு போன்ல கேட்டிருப்பாரே."

மேலே எழுதியது எல்லாவற்றையும் கிழித்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். அவள் விடவில்லை. "மேல எழுதினதைக் கிழிச்சா, இனிமே கீழ எழுதப்போறதை அவர் எப்படி நம்புவாரு" என்றாள். அதனால் கவரை மட்டும் கிழித்து, இதைச் சேர்த்து எழுதுகிறேன். கல்யாணப் பந்தியில் பேசியது நமக்குள் தீர்ந்தது. ஒரு வரி படித்தவனை நம்பி அறுநூற்று நாற்பது பக்கத்தை அனுப்பியிருக்கிறீர்கள். நான் ஜெயித்தேன் என்று எழுதினேனே, எங்கே ஜெயித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

அறிக்கையை மாற்ற முடியாது, அது உங்களுக்கே பிடிக்காது. குறை ஐம்பத்தெட்டும் குறைதான். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அங்கே என் பென்சில் நின்றது, எழுதக் கட்டம் இல்லாததால் தாண்டிப் போய்விட்டேன். அந்தத் தலைமையாசிரியர், மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலச் செய்தித்தாள் படிக்கிறார். முப்பத்தாறு வருடமாக. அவளுக்குத் தெரியாது. "என் கண்ணாடி மட்டும் அழுக்கே ஆகறதில்லைடா, ராசியான கண்ணாடி" என்று அக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பகுதியை உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஸ்கேலை எடுத்துப் படிவத்தின் அடியில் ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். தலைப்பு, நல்லது. நம்பர் இருபத்தேழின் அறிக்கையையும் தேடி எடுத்து அதிலும் போட வேண்டும், அந்தப் பெண் வாசலில் நின்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பென்சிலோடு வருகிறேன், முழங்கால் வலித்தால் வலிக்கட்டும். படகில் இருக்கும் பதினைந்து பேரை நாம் இரண்டு பேருமாக இறக்கிவிடலாம். அறிக்கையில் கதாநாயகியின் அழுகையை எழுபத்தொன்றிலிருந்து முப்பதாகக் குறைக்கச் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. எழுபத்திரண்டாவது அழுகை புத்தகத்துக்கு வெளியே, எங்கள் வீட்டு மேஜையில், இந்தப் பி.கு. எழுதும்போது நடந்தது. அழுதது என் மனைவி இல்லை.